புட்டிப்பாலும் பொதுமக்கள் கண்காணிப்பும்

(பயிற்சி அலுவலர்களுக்கும் பொருளாதார மாணவர்களுக்கும் நிகழ்த்திய உரை)



ஊட்டச்சத்துக் குறைவைப் பற்றிப் பேச வருகிறவர்கள் வழக்கமாக மூன்று காரணங்களைக் கூறுவார்கள். உணவு உற்பத்தி போதவில்லை என்பார்கள். மக்களிடம் வாங்கும் சக்தி இல்லை என்பார்கள். எதை உண்ண வேண்டும் என்ற அறிவு பரவவில்லை என்பார்கள். மூன்றும் உண்மையே. ஆனால் நான்காவது காரணம் ஒன்றும் உண்டு. நல்ல உணவு வீட்டிலேயே இருக்கும்போது, அதைவிடத் தாழ்ந்த ஒன்றைக் காசு கொடுத்து வாங்கும்படி மக்களைப் பழக்கும் வணிக முறையே அது. வெப்பமண்டல நாடுகளில் பணிபுரிந்த டெரிக் ஜெலிஃப் என்ற குழந்தை மருத்துவர் 1960-களின் இறுதியில் இதற்கு 'வணிகத்தால் விளையும் ஊட்டக்குறைவு' என்ற பொருள்படும் ஒரு பெயரையே சூட்டினார். இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது இந்த நான்காவது காரணத்தைப் பற்றியும், அதை எதிர்த்து அரசுகளுக்கு முன்பாகவே எழுந்து நின்ற பொதுமக்கள் அமைப்புகளைப் பற்றியுமாகும்.

பொருளாதாரம் படிப்பவர்கள் தாய்ப்பாலை ஒரு பண்டமாக எண்ணிப் பார்த்திருக்க மாட்டீர்கள். அதற்குச் சந்தை இல்லை, விலை இல்லை, ஆதலால் தேசிய வருமானக் கணக்கில் இடமும் இல்லை. ஒரு நாட்டின் தாய்மார்கள் அனைவரும் நாளை முதல் தாய்ப்பாலை நிறுத்திவிட்டுப் பால் பவுடருக்கு மாறினால், அந்நாட்டின் தேசிய வருமானம் கணக்கில் உயரும். குழந்தைகள் நோயுற்று மருந்துச் செலவு கூடினால் இன்னும் சற்று உயரும்! ஆலன் பெர்க் என்பவர் 1973-ம் ஆண்டு வெளியிட்ட 'ஊட்டச்சத்துக் காரணி' எனும் பொருள்படும் நூலில், தாய்ப்பாலூட்டல் குறைவதை ஒரு தேசிய வளத்தின் இழப்பாகவே கருதிக் கணக்கிட்டார். அந்நூல் வந்த பிறகும் கணக்கு முறை மாறவில்லை என்பது வேறு விஷயம்.

இப்பண்டத்திற்கு மற்றொரு தனித்தன்மையும் உண்டு. மற்ற பொருள்களில் இலவச மாதிரி என்பது தீங்கற்ற விளம்பரம். ஒரு சோப்பை இலவசமாகப் பெற்றுப் பயன்படுத்தியவர், பிடிக்காவிட்டால் மறுநாளே பழைய சோப்புக்குத் திரும்பலாம். பிரசவ விடுதியில் இலவசமாக ஒரு டப்பா பால் பவுடரைப் பெற்ற தாய் அவ்வாறு எளிதில் திரும்ப முடியாது. குழந்தை சப்புவதைப் பொறுத்தே பால் சுரக்கிறது. சில நாள்கள் புட்டியில் கொடுத்தால் சுரப்பு குறைகிறது. டப்பா தீரும் வேளையில் பாலும் வற்றத் தொடங்கியிருக்கும். அதாவது, இலவச மாதிரி தனக்குப் போட்டியாக உள்ள பொருளின் உற்பத்தியையே நிறுத்திவிடுகிறது. அதன் பின் அத்தாய் வாடிக்கையாளர் அல்லர், வேறு வழியற்றவர். சுதந்திரச் சந்தையில் நுகர்வோரே அரசர் என்று நமது பாடநூல்கள் கூறுவது இவ்விடத்தில் பொருந்தாமற் போகிறது.

டப்பாவின் விலை குடும்ப வருமானத்தில் பெரும் பங்கைத் தின்னும்போது ஏழைக் குடும்பம் என்ன செய்யும்? பவுடரைக் குறைத்து நீரைக் கூட்டும். பார்படோஸ் தீவில் 1969-ல் நடந்த ஊட்டச்சத்து ஆய்வில், நான்கு நாள்களுக்கான டப்பாவை ஐந்து நாள் முதல் மூன்று வாரம் வரை நீட்டித்துப் பயன்படுத்திய குடும்பங்கள் 82 சதவீதம் என்று கண்டார்கள். அந்த நீரும் பெரும்பாலும் கொதிக்க வைக்கப்படாத நீர். புட்டியைக் கழுவ விறகும் இல்லை, நேரமும் இல்லை. வெளியே இருந்து பார்ப்பவர் இதைத் தாயின் அறியாமை என்பார். கையில் உள்ள பணத்தையும் டப்பாவின் விலையையும் வைத்துப் பார்த்தால், அவளுக்கு வேறு கணக்கு எதுவும் கிடையாது.

இத்தீமையை முதன்முதலில் உரக்கச் சொன்னவர் ஒரு பெண் மருத்துவர். சிசிலி வில்லியம்ஸ் என்ற அவர், இன்று கானா எனப்படும் நாட்டில் பணியாற்றியபோது 'குவாஷியார்க்கர்' என்னும் புரதக்குறை நோயை மருத்துவ உலகுக்கு விளக்கியவர். பின்னர் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். அங்கு செவிலியர் உடையணிந்த விற்பனைப் பெண்கள், புதிதாய்ப் பெற்ற தாய்மாரிடம் இனிப்பூட்டிய டின் பாலைப் புகழ்ந்து விற்பதைக் கண்டார். 1939-ம் ஆண்டு சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பிலேயே அவர் பேசினார். அறிந்தே செய்யும் இப்பிரசாரத்தைக் கொலைக்குச் சமமாகக் கருத வேண்டும் என்பது அவர் வாதம். வணிகப் பிரமுகர்கள் நிறைந்த சபையில் அதைச் சொல்லத் துணிவு வேண்டும். ஆனால் தனி மனிதரின் பேச்சு எவ்வளவு கூர்மையானதாக இருந்தாலும், பின்னால் ஓர் அமைப்பு இல்லாவிட்டால் காற்றோடு போய்விடுகிறது. அடுத்த முப்பது ஆண்டுகளில் புட்டிப்பால் விற்பனை மூன்றாம் உலக நகரங்கள் எங்கும் பரவியது.

1970-களில்தான் அமைப்புகள் தோன்றின. 1973 ஆகஸ்டில் 'நியூ இன்டர்நேஷனலிஸ்ட்' என்ற பிரிட்டிஷ் இதழ் இப்பிரச்சினையை முகப்புக் கட்டுரையாக்கியது. மறு ஆண்டு 'வார் ஆன் வான்ட்' என்ற தொண்டு நிறுவனம் மைக் முல்லர் எழுதிய 'குழந்தைக் கொல்லி' என்னும் சிறு வெளியீட்டைக் கொண்டுவந்தது. ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் இருந்த ஒரு சிறு குழுவினர் அதை ஜெர்மன் மொழியில் வெளியிட்டபோது, நெஸ்லே குழந்தைகளைக் கொல்கிறது என்று தலைப்பையே மாற்றிவிட்டனர். நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்தது. இரண்டு ஆண்டுகள் நடந்த அவ்வழக்கின் தீர்ப்பு 1976 ஜூனில் வந்தது. தலைப்பு அவதூறானது என்று கூறிய நீதிபதி, குழுவினருக்குத் தலைக்கு 300 பிராங்க் என்ற சிறு அபராதத்தையே விதித்தார். அதோடு நில்லாமல், வளரும் நாடுகளில் தனது விளம்பர முறைகளை நிறுவனம் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் கூறினார். சட்டப்படி வென்றவர் பெயர் கெட்டது. தோற்றவர் உலகம் முழுதும் அறியப்பட்டனர். வழக்குத் தொடுப்பதற்கு முன் அந்த வெளியீட்டைப் படித்தவர்கள் மிகச் சிலரே.

அமெரிக்காவில் போராட்டம் வேறு வழியில் சென்றது. கன்னியாஸ்திரீகளின் சபை ஒன்று, தான் பங்குதாரராக இருந்த பிரிஸ்டல்-மையர்ஸ் கம்பெனியின் மீது 1976-ல் வழக்குத் தொடுத்தது. வறியோரிடம் தான் விற்பனைப் பிரசாரம் செய்யவில்லை என்று கம்பெனி பங்குதாரர்களுக்கு அனுப்பிய அறிக்கை உண்மைக்கு மாறானது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. பதினெட்டு நாடுகளிலிருந்து வாக்குமூலங்களைத் திரட்டினார்கள். 1978 தொடக்கத்தில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. இரு தரப்பின் கூற்றுகளையும் பங்குதாரர் அனைவருக்கும் அனுப்பக் கம்பெனி இணங்கியது. பங்குரிமை என்பது இலாப ஈவுத் தொகையைப் பெறுவதற்கான சீட்டு மட்டுமன்று, கேள்வி கேட்கும் உரிமையும் ஆகும் என்பதை வணிகவியல் மாணவர்கள் இவ்வழக்கிலிருந்து அறியலாம்.

நெஸ்லே ஸ்விஸ் கம்பெனி. அமெரிக்கர்களுக்கு அதன் பங்குதாரர் கூட்டத்தில் குரல் இல்லை. ஆகவே 1977 ஜூலை 4-ம் நாள், அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று, மினியாபொலிஸ் நகரில் அதன் பொருள்களை வாங்காமல் பகிஷ்கரிக்கும் இயக்கம் தொடங்கியது. அந்நியத் துணியைத் துறந்த நமக்கு இம்முறை புதிதன்று. மறு ஆண்டு மே மாதம் செனட்டர் எட்வர்ட் கென்னடி தலைமையில் விசாரணை நடந்தது. நெஸ்லேயின் பிரேசில் கிளைத் தலைவர், இந்த இயக்கம் தடையற்ற பொருளாதார முறையையே தாக்கும் முயற்சி என்று அங்கு சாட்சியம் கூறினார். சபையில் அது எடுபடவில்லை. விசாரணைக்குப் பின் பிரச்சினை உலக சுகாதார நிறுவனத்திடம் சென்றது.

1979 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் ஜெனிவாவில் கூட்டிய கூட்டத்தில் அரசுகள், கம்பெனிகள், வல்லுநர்கள் ஆகியோருடன் தொண்டு அமைப்புகளும் சரிசமமாக அமர்ந்தன. ஐ.நா. அமைப்புகளின் வரலாற்றில் இது புதுமை. கூட்டம் முடிந்த கையோடு ஆறு அமைப்புகள் சேர்ந்து 'ஐப்ஃபான்' எனப்படும் பன்னாட்டுக் குழந்தை உணவு நடவடிக்கை வலையமைப்பை நிறுவின. 1981 மே 21-ம் நாள் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களை விற்பதற்கான பன்னாட்டு நெறிமுறையை ஏற்றது. ஆதரவாக 118 வாக்குகள், எதிராக ஒன்று, நடுநிலை மூன்று. எதிர்த்த ஒரே நாடு அமெரிக்கா. அம்முடிவை ஏற்க இயலாமல் அந்நாட்டு வெளிநாட்டு உதவித் துறையின் மூத்த அலுவலர் இருவர் பதவி துறந்தனர். அரசுப் பணியில் சேரவிருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லக் காரணம், கோப்பில் கருத்து மாறுபாட்டைப் பதிவு செய்வதற்கு மேலும் ஒரு படி உண்டு என்பதற்காகவே. அனைவரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று நான் கூறவில்லை.

நெறிமுறை கூறுவது எளிது. பொதுமக்களுக்கு விளம்பரம் கூடாது. தாய்மாருக்கு இலவச மாதிரி கூடாது. மருத்துவமனைகளை விற்பனைக் களமாக்கலாகாது. மருத்துவருக்கும் செவிலியருக்கும் அன்பளிப்பு கூடாது. டப்பாவின் மேல் குழந்தைப் படம் போட்டு மயக்கக் கூடாது. விற்பனையை அது தடை செய்யவில்லை. தாயை இழந்த குழந்தைக்கும், மருத்துவக் காரணத்தால் தாய்ப்பால் பெற முடியாத குழந்தைக்கும் மாற்றுப்பால் தேவைதான். தடை செய்தது தூண்டுதலை மட்டுமே. ஆனால் அது உடன்படிக்கை அன்று, பரிந்துரை. ஒவ்வொரு நாடும் சட்டம் இயற்றினாலன்றி அதற்குப் பல் இல்லை. பாப்புவா நியூகினி இதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1977-ல், புட்டியையும் ரப்பர் காம்பையும் மருத்துவச் சீட்டின்றி விற்கலாகாது என்று சட்டம் இயற்றியிருந்தது. சிறு நாடுகள் சில சமயம் பெரிய நாடுகளுக்கு முன்னே நடக்கின்றன.

நெறிமுறையைக் கடைப்பிடிப்பதாக நெஸ்லே ஒப்புக்கொண்டதன் பேரில் 1984-ல் பகிஷ்கரிப்பு கைவிடப்பட்டது. மருத்துவமனைகளுக்கு இலவசப் பால் பவுடர் அனுப்புவது நிற்கவில்லை என்று கண்காணிப்பாளர்கள் கண்டதால் 1988-ல் மீண்டும் தொடங்கியது. வாக்குறுதி பெறுவது முதல் பாதி. அதைத் தொடர்ந்து சரிபார்ப்பது இரண்டாம் பாதி. கடைகடையாக, விடுதி விடுதியாகச் சென்று டப்பாக்களையும் சுவரொட்டிகளையும் குறித்துவரும் சலிப்பூட்டும் வேலை அது. அரசு இயந்திரம் இவ்வேலையைத் தானே செய்திருக்கும் என்று நம்பும் அளவுக்கு நான் புதியவன் அல்லன்.

இனி நமது நாட்டுக்கு வருவோம். கொழுகொழுவென்று இருக்கும் குழந்தையைத் தமிழில் நாம் எப்படி அழைக்கிறோம்? 'அமுல் பேபி' என்கிறோம். விளம்பரம் மொழிக்குள்ளேயே புகுந்துவிட்டது. எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்க முடியாது என்று வெளிநாட்டு வல்லுநர்கள் கூறிய காலத்தில், மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் அம்முறையைக் கண்டதும், கெய்ரா மாவட்டக் கூட்டுறவு அதை உற்பத்தி செய்ததும் பெருமைக்குரியனவே. அன்று இறக்குமதியைக் குறைப்பதே முதற்கவலையாக இருந்தது. ஆயினும் குழந்தையின் வயிற்றுக்கு டப்பா பன்னாட்டுக் கம்பெனியினுடையதா, நமது உழவர் கூட்டுறவினுடையதா என்ற வேறுபாடு தெரியாது. பின்னர் வந்த சட்டமும் அவ்வேறுபாட்டைப் பார்க்கவில்லை. அது சரியான முடிவே.

1983 டிசம்பரில் மத்திய அரசு தேசிய நெறிமுறையை வெளியிட்டது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் 1992-ல் நாடாளுமன்றம் குழந்தைகளுக்கான பால் மாற்றுப்பொருள், புட்டி, குழந்தை உணவு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை நிறைவேற்றியது. அது 1993 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2003-ல் செய்யப்பட்ட திருத்தம் அதை மேலும் இறுக்கியது. இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்குரிய எந்த உணவுக்கும் விளம்பரம் கூடாது. மருத்துவர் சங்கங்களின் மாநாட்டுக்கோ ஆராய்ச்சிக்கோ கம்பெனிகள் பணம் தரவும் கூடாது. இந்த இரண்டாவது விதி மிக முக்கியமானது. தாயிடம் நேரடியாகப் பேச முடியாத கம்பெனி, அவள் நம்பும் மருத்துவர் வழியாகப் பேசும். மாநாட்டுப் பந்தலில் விருந்து யார் செலவு என்பதை நமது சட்டம் கேட்கிறது. பல பணக்கார நாடுகளின் சட்டம் இன்னும் கேட்கவில்லை.

அலுவலர்கள் இச்சட்டத்தின் 21-வது பிரிவைப் படிக்க வேண்டும். குற்றத்தைப் பற்றி நீதிமன்றத்தில் முறையிடும் அதிகாரம் அரசு அலுவலருக்கு மட்டுமன்றி, மத்திய அரசு அங்கீகரித்த தன்னார்வ அமைப்பின் பிரதிநிதிக்கும் உண்டு என்கிறது அது. 1991-ல் தோன்றிய இந்தியத் தாய்ப்பாலூட்டல் மேம்பாட்டு வலையமைப்பு, மும்பையைச் சேர்ந்த 'அகாஷ்' நுகர்வோர் அமைப்பு ஆகியவை இவ்வாறு அங்கீகாரம் பெற்றன. வேறெந்தத் துறையிலும் இத்தகைய ஏற்பாடு அரிது. இதை அரசு அதிகாரத்தில் தலையீடு என்று முகம் சுளிப்பவர்களும் நம்மிடையே உண்டு. ஓர் உணவு ஆய்வாளருக்கு ஒரு மாவட்டம் முழுதும் பொறுப்பு. பலசரக்குக் கடையில் கலப்பட எண்ணெயைப் பிடிக்கவே அவருக்கு நேரம் இல்லை. பிரசவ அறைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறது என்று யார் போய்ப் பார்ப்பது? சுற்றுப்பயணத்தின்போது ஓர் அரசு மருத்துவமனையில் அத்தகைய நாள்காட்டியை நானே கண்டிருக்கிறேன். அதன் பக்கத்திலேயே தாய்ப்பாலின் சிறப்பைக் கூறும் அரசுச் சுவரொட்டியும் இருந்தது. நாள்காட்டிதான் நல்ல தாளில் அச்சாகியிருந்தது.

சட்டத்தின் குறைகளையும் மறைப்பதற்கில்லை. பெரும்பாலான மீறல்களுக்கு மூன்றாண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. சிறைத் தண்டனை ஏட்டளவில் கடுமையானது. அபராதமோ இன்று பெரிய கம்பெனிக்கு ஒரு நாள் தேநீர்ச் செலவுக்கும் காணாது. விளம்பரமும் பத்திரிகையை விட்டுக் கைபேசிக்குள் சென்றுவிட்டது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் எட்டு நாடுகளில் 8,500 பெற்றோரையும் கர்ப்பிணிகளையும் விசாரித்து 2022-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, அவர்களில் 51 சதவீதத்தினரைப் பால் பவுடர் விளம்பரம் எட்டியிருந்தது. அத்தொழிலின் ஆண்டு வியாபாரம் 5,500 கோடி டாலர் என்று அவ்வறிக்கை கூறிற்று. அதே ஆண்டில், 194 நாடுகளில் 144 நாடுகள் ஏதேனும் ஒரு சட்ட நடவடிக்கை எடுத்திருந்தன. நெறிமுறையோடு பெரும்பாலும் ஒத்த சட்டங்களோ 32 நாடுகளில் மட்டுமே இருந்தன. கைபேசி வழி விளம்பரத்தைக் கட்டுப்படுத்துவது குறித்து 2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது.

ஆறு மாதம் கடந்தபின் கொடுக்கும் இணை உணவிலும் இதே கதைதான். ஸ்விட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' என்ற அமைப்பும் ஐப்ஃபானும் 2024 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டன. செரிலாக் என்னும் குழந்தை உணவில், தாய்நாடான ஸ்விட்சர்லாந்தில் விற்பதில் சர்க்கரை சேர்க்காத நெஸ்லே, இந்தியா உள்ளிட்ட நாடுகளில் விற்பதில் சேர்க்கிறது என்பது அதன் சாரம். இந்தியாவில் ஒரு வேளை உணவுக்குச் சராசரி மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவு. உள்நாட்டு விதிகளை மீறவில்லை என்றும், ஐந்தாண்டுகளில் சர்க்கரையை 30 சதவீதம் வரை குறைத்துள்ளதாகவும் நிறுவனம் பதிலளித்தது. அதே ஆண்டிலேயே வெள்ளைச் சர்க்கரை சேர்க்காத வகைகளையும் அறிவித்தது. விதியை மீறவில்லை என்ற பதிலை நாம் ஏற்றுக்கொண்டாலும், கேள்வி உடனே விதியை வகுத்தவர் பக்கம் திரும்புகிறது. அதாவது, நம் பக்கம்.

தன்னார்வ அமைப்புகள் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று கொள்ள வேண்டியதில்லை. தலைப்பில் மிகை, எண்களில் அவசரம், தமக்குள் பூசல் எல்லாம் அவர்களிடமும் உண்டு. சிலர் கம்பெனிகளோடு ஒரே மேசையில் அமர்ந்து தரவரிசைப் பட்டியல் வெளியிடுவதே பயன் தரும் என்கிறார்கள். வேறு சிலர், விதிக்கு உட்பட வேண்டியவரை விதி வகுக்கும் மேசையில் அமர்த்தலாகாது என்கிறார்கள். என் கருத்து இரண்டாவதன் பக்கம். 2007, 2008 ஆண்டுகளில் பள்ளி மதிய உணவுக்குப் பதில் பிஸ்கட் வழங்கலாம் என்று உற்பத்தியாளர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களை அணுகியதை நினைத்துப் பாருங்கள். உணவுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் சமைத்த உணவு என்று தெளிவாகக் கூறியிருந்ததாலும், உணவுரிமை இயக்கத்தினர் விழிப்புடன் இருந்ததாலும் அம்முயற்சி பலிக்கவில்லை. சூடான சோறு எப்படிச் சாத்தியம் என்று கேட்டவர்களுக்குத் தமிழ்நாட்டுச் சத்துணவுக் கூடங்கள் முன்னமே பதிலாக இருந்தன.

பலன் என்ன என்று கேட்பீர்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே பெறும் குழந்தைகள் 2005-06-ல் 46 சதவீதம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 64 சதவீதம். இம்முன்னேற்றம் முழுதும் சட்டத்தால் வந்தது என்று கூற முடியாது. ஆனால் விற்பனை தட்டுப்பாடின்றிப் பெருகிய பல ஆசிய நாடுகளின் போக்கிலிருந்து நாம் விலகி நிற்பதில் சட்டத்திற்குப் பங்கு உண்டு. மறுபக்கம், அதே ஆய்வில் மருத்துவ நிலையங்களில் நடந்த பிரசவம் 89 சதவீதம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகளோ 42 சதவீதம் மட்டுமே. இந்த இடைவெளிக்குக் கிராமத்து மூதாட்டியின் மூடநம்பிக்கையைக் காரணம் காட்ட முடியாது. பிரசவம் நம் கூரையின் கீழ், நம் ஊழியர்களின் கையில் நடக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கம்பெனிகளைக் கட்டுப்படுத்துவது ஒரு பாதி வேலைதான். 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 26 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பை அளித்தது. அது சம்பளப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கு. கட்டட வேலைக்கும் வயல் வேலைக்கும் செல்லும் தாய்க்கு, 2013-ம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 6,000 ரூபாய்க்குக் குறையாத உதவியை உரிமையாக்கியது. ஆறு மாதத்திற்கு அதைப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 33 ரூபாய் வருகிறது. தாய்ப்பால் மட்டுமே தரவேண்டும் என்று நாம் சொல்லும் அந்த ஆறு மாதத்தில், அவள் இழக்கும் கூலி எவ்வளவு என்பதை மாணவர்கள் தங்கள் தங்கள் மாவட்டத்து விகிதத்தை எடுத்துக்கொண்டு கணக்கிட்டு, கலந்துரையாடலின்போது என்னிடம் கூறலாம்.